பழைய கேஸ் கிரில்லுக்கு பார்ட்ஸ் மாத்தலாமா, புதுசே வாங்கிடலாமா?

மார்ச் கடைசி, ஏப்ரல் வந்துட்டா டாலஸ் பக்கம் நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் ஒரே கதைதான், பின்பக்கம் போய் கிரில் மேல இருக்குற கவரை எடுப்பாங்க, உள்ள பார்த்தா தகடெல்லாம் துரு, கம்பித்தட்டுல போன வருஷ கோழி கறுப்பா காஞ்சு ஒட்டிட்டு இருக்கும், பத்த வச்சா ஒரு பக்கம் மட்டும் எரியும். உடனே கடைக்கு கிளம்பிடுவாங்க. போன மாசம் மட்டும் மூணு பேர் என்கிட்ட கேட்டாங்க, பார்ட்ஸ் வாங்கி மாத்தட்டுமா இல்ல புதுசு வாங்கட்டுமான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு.

என்னோடது 2013ல வாங்கினது, 3 பர்னர், பக்கத்துல ஒரு சின்ன அடுப்பு, புரொப்பேன் டேங்க். இத்தனை வருஷத்துல பர்னர் ரெண்டு தடவை, பர்னருக்கு மேல இருக்குற தகடு ரெண்டு தடவை, கம்பித்தட்டு ஒரு தடவை மாத்தியாச்சு. 2021 பிப்ரவரியில டெக்ஸாஸ் முழுக்க பனி கொட்டி கரண்ட் போச்சே, அந்த வாரம் எங்க வீட்டுல சோறு ரசம் எல்லாம் இதோட பக்க அடுப்புலதான் வெந்துச்சு, குழந்தைக்கு பால் காய்ச்சினதும் இதுலதான். கதவைத் திறந்து பனியில நின்னுதான் சமைச்சோம், கிரில்லை உள்ள கொண்டு வரல. அந்த வாரம் ஹூஸ்டன் பக்கம் குளிர் தாங்காம கரி அடுப்பு, ஜெனரேட்டர்னு வீட்டுக்குள்ள வச்சு கார்பன் மோனாக்சைடு தாக்கி நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு போனாங்க, செத்தும் போனாங்க. அதனால என்ன ஆனாலும் கிரில் வெளியதான் இருக்கணும், கராஜ் கதவைத் திறந்து வச்சுட்டு உள்ள வைக்கிறதும் கூடாது.

சரி, உங்க முன்னாடி நாலு வழி இருக்கு. கம்பெனி ஒரிஜினல் பார்ட்ஸ் வாங்கி மாத்தலாம், வேற கம்பெனி பண்ணின பொது பார்ட்ஸ் வாங்கி மாத்தலாம், 250 டாலர் பக்கம் கிடைக்கிற புது கிரில் வாங்கலாம், இல்ல 500 டாலருக்கு மேல போட்டு நல்லதா ஒண்ணு வாங்கலாம். நிறைய பேர் முதல் கேள்வியா விலையைத்தான் பார்க்குறாங்க, அது தப்புன்னு நினைக்கிறேன். முதல்ல பார்க்க வேண்டியது பெட்டி. பர்னர், தகடு எல்லாம் உக்காந்திருக்குற அடிப்பெட்டி எதுல பண்ணினதுன்னு பாருங்க, அதுலயே பாதி முடிவு வந்துடும்.

அடிப்பெட்டி வார்ப்பு அலுமினியமா இருந்தா அது துருப் பிடிக்காது, பத்து பதினஞ்சு வருஷம் ஆனாலும் அப்படியே நிக்கும், உள்ள இருக்குறதை மட்டும் மாத்திட்டே போகலாம். மெல்லிசு இரும்புத் தகட்டுல மடிச்சுப் பண்ணினதா இருந்தா மூலையில, அடியில, போல்ட் போட்ட இடத்துல துரு ஆரம்பிக்கும். ஒரு காந்தம் எடுத்துட்டு போங்க, அலுமினியத்துல ஒட்டாது. இரும்புப் பெட்டின்னா ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சு அடிப்பக்கம் லேசா குத்திப் பாருங்க, உள்ள இறங்குச்சுன்னா அந்த கிரில்லுக்கு ஒரு டாலர் கூட செலவு பண்ணாதீங்க. அதே மாதிரி கால், சக்கரம், பக்கத்துல இருக்குற பலகை எல்லாம் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆடுற கிரில்லுல சூடான எண்ணெய் இருக்கும்போது குழந்தைங்க பக்கத்துல ஓடுனா என்ன ஆகும்னு யோசிங்க. மூடிக்கு உள்பக்கம் கறுப்பா பெயிண்ட் மாதிரி உரிஞ்சு விழுதுன்னு பயந்து புதுசு வாங்கினவங்களும் இருக்காங்க, பெரும்பாலும் அது பெயிண்ட் இல்லைங்க, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கரியா படிஞ்சது, பிளாஸ்டிக் ஸ்கிராப்பர் வச்சு சுரண்டினா வந்துடும்.

பெட்டி நல்லா இருக்குன்னு வச்சுக்குவோம். இப்பவும் பார்ட்ஸ் ஆர்டர் பண்ணாதீங்க, பழுதே இல்லாத பார்ட்டை மாத்துறதுதான் இதுல அதிகமா நடக்குற வீண் செலவு. எங்க தெருவுல ஒரு நண்பர், ஈரோடுக்காரர், கிரில்லுல சூடே ஏறமாட்டேங்குது, எல்லா பர்னரையும் ஃபுல்லா வச்சாலும் 250 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டல, தூக்கிப் போடப் போறேன்னு சொன்னார். நான் போய் பார்த்தப்ப நீலச் சுடர் சின்னதா, மெழுகுவர்த்தி அளவுக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. "அண்ணா, டேங்க் வால்வை எப்படித் திறந்தீங்க?"ன்னு கேட்டேன், "பர்னர் குமிழைத் திருப்பி வச்சுட்டு, அப்புறம் டேங்கை வேகமாத் திறந்தேன்பா"ன்னார். அங்கதான் விஷயம். டேங்க்ல மாட்டுற அந்த பிளாஸ்டிக் திருகுல ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கு, கேஸ் திடீர்னு அதிகமா பாய்ஞ்சா ஹோஸ் அறுந்துடுச்சுன்னு நினைச்சுட்டு ஓட்டத்தை ரொம்பக் குறைச்சிடும். எல்லாக் குமிழையும் மூடி, டேங்கை மூடி, திருகைக் கழட்டி ஒரு நிமிஷம் விட்டு, மறுபடி மாட்டி, டேங்க் வால்வை மெதுவாத் திறந்து, அதுக்கப்புறம் ஒரு குமிழைத் திருப்பிப் பத்த வச்சோம். பத்து நிமிஷத்துல 500 போயிடுச்சு. அவர் அந்த வாரமே 600 டாலருக்கு புதுசு வாங்குறதா இருந்தார்.

இன்னொண்ணு சிலந்தி. கேஸ் பர்னருக்குள்ள போற குழாய் வாய்ல காத்து சேர்றதுக்கு ஒரு திறப்பு இருக்கும், அதுக்குள்ள சிலந்தி வலை கட்டிடும், டெக்ஸாஸ்ல மண்கூடு கட்டுற குளவியும் சேர்ந்துக்கும். சாதாரண விஷயம்னு நினைக்காதீங்க, 2011ல மஸ்டா கம்பெனி பெட்ரோல் டேங்க் காத்துக்குழாய்ல மஞ்சள் சிலந்தி வலை கட்டுதுன்னு ஆயிரக்கணக்கான காரைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. கிரில்லுல அடைச்சா சுடர் மஞ்சளா சோம்பி எரியும், ரொம்ப அடைச்சா கேஸ் பின்னாடி திரும்பி குமிழ் இருக்குற பலகைக்குப் பின்னாடியே தீ வந்துடும். பர்னரைக் கழட்டி பாட்டில் கழுவுற மாதிரி நீட்டு பிரஷ் விட்டு எடுத்துட்டா போதும். கேஸ் வர்ற பித்தளை மூக்குல இருக்குற சின்ன ஓட்டையை மட்டும் கம்பி விட்டுக் குடையாதீங்க, ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் கேஸ் அளவு மாறிடும்.

இதெல்லாம் பார்த்த அப்புறமும் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாம இருந்தா ரொட்டி வச்சுப் பாருங்க. மலிவான வெள்ளை பிரெட் ஒரு பாக்கெட் வாங்கி, கிரில்லை மீடியத்துல பத்து நிமிஷம் சூடு பண்ணி, கம்பித்தட்டு முழுக்க இடைவெளி இல்லாம அடுக்கி, ரெண்டு மூணு நிமிஷத்துல ஒரே நேரத்துல திருப்பிப் போடுங்க. எங்கெங்க கறுப்பு, எங்கெங்க வெள்ளைன்னு படம் வரைஞ்ச மாதிரி தெரிஞ்சுடும். என் கிரில்லுல இடது பின்மூலையில ரெண்டு துண்டு மட்டும் கரி, முன்னாடி வரிசை பூரா வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. கம்பித்தட்டைத் தூக்கிட்டுப் பார்த்தா நடு பர்னர்ல பின்னாடி நாலு ஓட்டைக்கு நடுவுல இருந்த இரும்பு அரிச்சுப் போய் நாலும் சேர்ந்து ஒரே பிளவா வாய் திறந்துட்டு இருந்துச்சு, வர்ற கேஸ் பூரா அங்கயே பீறிட்டு எரிஞ்சு முன்னாடி போக ஒண்ணுமே மிச்சம் இல்ல. இப்படிப் பிளந்த பர்னரை ஒட்டவோ அடைக்கவோ கூடாது, மாத்தித்தான் ஆகணும்.

இங்கதான் ஒரிஜினலா பொது பார்ட்டான்னு கேள்வி வருது. நான் ரெண்டையும் வாங்கிப் பார்த்திருக்கேன். ஒரிஜினல் பர்னர் மூணும் சேர்ந்து 75 டாலர், ஆன்லைன்ல "இந்த மாடலுக்குப் பொருந்தும்"னு போட்டிருந்த பொது பர்னர் 35 டாலர். 40 டாலர் மிச்சம்னு அதைத்தான் முதல்ல வாங்கினேன். பார்க்க அதே மாதிரிதான் இருந்துச்சு, ஆனா நீளம் கால் இன்ச் குறைவு, பித்தளை மூக்கு பர்னர் குழாய்க்குள்ள நல்லா உள்ள போய் உக்காரணும், இது நுனியில பட்டும் படாமலும் நின்னுச்சு. கிரில்லை நகர்த்துன ஒரு நாள் நழுவியே போச்சு, பத்த வச்சதும் குமிழுக்குப் பின்னாடி தீ. டேங்கை மூடினேன், யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு எடுத்த முடிவு இப்ப வரைக்கும் மாறல: கேஸ் போற வழியில இருக்குற எதுவும், பர்னர், வால்வு, ஹோஸ், ரெகுலேட்டர், ஒரிஜினல்தான் வாங்குவேன். பொது பார்ட் எல்லாமே மோசம்னு சொல்லல, சில மாடலுக்கு கச்சிதமா பொருந்துது, ஆனா பொருந்துதா இல்லையான்னு நமக்குத் தெரியறது தீ வந்த அப்புறம்தான், அந்த 40 டாலருக்கு அது தேவையில்ல.

கேஸ் போகாத பார்ட்டுக்கு நான் நேர் எதிராத்தான் சொல்வேன். பர்னருக்கு மேல கூரை மாதிரி கவுந்து உக்காந்திருக்குமே ஒரு தகடு, ஹீட் ப்ளேட்னு விப்பாங்க, ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒவ்வொரு பேர் வச்சிருக்கும். முன்னாடி எல்லாம் கிரில்லுல அந்த இடத்துல எரிமலைக் கல் கொட்டி வச்சிருப்பாங்க, அதுல எண்ணெய் ஊறி அடிக்கடி தீப்பிடிக்கும், 1985ல வெபர் ஜெனிசிஸ் வந்தப்ப கல்லுக்குப் பதிலா சாய்வான தகடு வச்சாங்க, அப்புறம் எல்லாரும் அந்த வழிக்கு வந்துட்டாங்க. கொழுப்பு சொட்டி பர்னர் மேல நேரா விழாம காக்குறதும், அதைப் புகையாக்கி கறிக்கு அந்த வாசனை கொடுக்குறதும் இதுதான். கிரில்லுலயே சீக்கிரம் போற பார்ட்டும் இதுதான். எனாமல் பூசின தகடு எனக்கு மூணு வருஷத்துல ஓட்டை விழுந்துச்சு, எனாமல்ல ஒரு சின்ன இடம் உதிர்ந்தா போதும், அங்க இருந்து துரு பரவிடும். அடுத்த தடவை பொது கம்பெனி ஸ்டெயின்லெஸ் தகடு 45 டாலருக்கு வாங்கினேன், அஞ்சாவது வருஷம் ஓடுது, நிறம் மாறி நீலமும் பழுப்புமா இருக்கே தவிர ஓட்டை இல்ல.

ஆனா ஸ்டெயின்லெஸ்னு எழுதியிருந்தா போதாது. நம்ம ஊர்ல எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டுதான்னு பார்ப்பாங்கல்ல, அதே விஷயம்தான் இங்கயும். 304னு சொல்ற ரகத்துல 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கு, காந்தம் ஒட்டாது, மடிச்ச இடத்துல வேணா லேசா இழுக்கும். 430ல நிக்கல் கிட்டத்தட்ட இல்ல, காந்தம் டக்குனு ஒட்டும், விலை கம்மி, துருவும் சீக்கிரம் வரும். தடிமனையும் பாருங்க, கேஜ் நம்பர் கம்மியா இருந்தா தகடு தடிமன், 16 கேஜ் வாங்குறது நல்லது, 22 கேஜ் சூட்டுல வளைஞ்சு நெளிஞ்சுடும். பழைய தகட்டோட நீளம் அகலம் உயரம் மூணையும் டேப் வச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க, இது கால் இன்ச் முன்ன பின்ன இருந்தாலும் ஆபத்து ஒண்ணும் இல்ல.

கம்பித்தட்டு விஷயத்துல உங்க கைப்பழக்கம்தான் முடிவு பண்ணும். வார்ப்பிரும்புத் தட்டு சூட்டைப் பிடிச்சு வைக்கும், வஞ்சிரம் போட்டா அந்தக் கோடு கறுப்பா அழகா விழும், ஆனா அது தோசைக்கல் மாதிரி, பழக்கி வச்சுக்கிட்டே இருக்கணும். எங்க அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தப்ப இதைப் பார்த்துட்டு யாரும் சொல்லாமலே வெங்காயத்தைப் பாதியா வெட்டி முள்கரண்டியில குத்தி எண்ணெய்ல தொட்டு சூடான தட்டு முழுக்கத் தேய்ச்சாங்க, அதுக்கப்புறம் போட்ட கத்திரிக்காய் ஒரு இடத்துலயும் ஒட்டல. இப்ப எங்க வீட்டுல அதுதான் வழக்கம், சமைக்கிறதுக்கு முன்னாடியும் வெங்காயம், முடிச்ச அப்புறமும் வெங்காயம். இப்படிப் பார்த்துக்க ஆள் இருந்தா வார்ப்பிரும்பு வாங்குங்க. சோப்புத் தண்ணியில ஊறப்போட்டு அப்படியே விட்டுட்டுப் போற வீடுன்னா வேண்டாம், ஒரே ராத்திரியில செம்பழுப்பா மாறிடும், தடிமனான ஸ்டெயின்லெஸ் கம்பித்தட்டே போதும், கோடு கொஞ்சம் மங்கலா விழும் அவ்வளவுதான். எனாமல் பூசின வார்ப்பிரும்பு புதுசுல ரெண்டுக்கும் நடுவுல நல்லா இருக்கும், ஆனா இரும்பு ஸ்கிராப்பர் பட்டு எனாமல் உதிர ஆரம்பிச்சா சாப்பாட்டுல சில்லு விழும், அதை நான் திரும்ப வாங்க மாட்டேன்.

தட்டைத் தேய்க்கிற கம்பி பிரஷ் பத்தி ஒரு வார்த்தை. அதோட முள்ளு ஒண்ணு உதிர்ந்து தட்டுல ஒட்டி கறியில போய் தொண்டையிலயோ குடல்லயோ குத்திடுது. 2002ல இருந்து 2014 வரைக்கும் அமெரிக்காவுல இதுக்காக எமர்ஜென்சிக்கு போனவங்க 1600 பேருக்கு மேலன்னு மிசௌரி பல்கலைக்கழக ஆட்கள் 2016ல கணக்குப் போட்டுச் சொன்னாங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்த பிரஷை இன்னைக்கே குப்பையில போடுங்க, முள் இல்லாத சுருள் பிரஷ், மரச் சுரண்டி, இல்ல அலுமினிய ஃபாயிலை உருண்டையா கசக்கி இடுக்கியில பிடிச்சுத் தேய்க்கிறதே போதும்.

பத்த வைக்கிற பட்டன் வேலை செய்யலைன்னா முதல்ல டபுள் ஏ பேட்டரியை மாத்துங்க, பாதிப் பேருக்கு அதோட சரியாயிடும். டிக் டிக்னு சத்தம் வருது பொறி வரலைன்னா பொறி வர்ற முனையில இருக்குற வெள்ளை செராமிக் விரிசல் விட்டிருக்கும், 20 டாலர்ல செட் கிடைக்கும், அதுவரைக்கும் நீளத் தீக்குச்சி இருக்கவே இருக்கு.

ஹோஸும் ரெகுலேட்டரும் பார்க்க நல்லா இருக்கேன்னு விட்டுடுறோம். ஊர்ல சமையலறை கேஸ் அடுப்போட சுரக்ஷா டியூபை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்லி கேஸ்காரங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க, இங்க கேட்க ஆள் இல்ல, 40 டிகிரி செல்சியஸ் வெயில்லயே கிடக்குது, அணில் வேற கடிச்சு வைக்குது. வருஷம் ஒரு தடவை பாத்திரம் கழுவுற சோப்பைத் தண்ணியில கரைச்சு எல்லா இணைப்புலயும் தடவி, குமிழ் எல்லாம் மூடியிருக்க டேங்கை மட்டும் திறந்து பாருங்க, சோப்பு நுரை பெருசாகிட்டே போனா கசிவு. புரொப்பேன் காத்தை விட ஒன்றரை மடங்கு கனம், கசிஞ்சா மேல போகாது, கீழயே தேங்கி நிக்கும். ஹோஸை வளைச்சுப் பார்க்கும்போது முடி மாதிரி விரிசல் தெரிஞ்சாலே மாத்திடுங்க, ரெகுலேட்டரோட சேர்த்தே 30 டாலர்தான்.

இப்ப கணக்குக்கு வருவோம். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா பர்னர் 75, தகடு 45, கம்பித்தட்டு 110, பத்த வைக்கிற செட் 20, ஹோஸ் 30, மொத்தம் 280 டாலர். கடையில 4 பர்னர் புது கிரில் பளபளன்னு 250க்கு நிக்கும். இந்த ரெண்டு நம்பரையும் பார்த்துட்டுத்தான் நிறைய பேர் பழசைத் தூக்கி ரோட்டு ஓரம் வைக்கிறாங்க. எனக்கு இது உண்மையிலேயே மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அந்த 250 டாலர் கிரில்லுக்கு அலுமினியப் பெட்டி கிடையாது. நண்பர் ஒருத்தர் அப்படி வாங்கினது ரெண்டாவது கோடையிலயே மூடி ஓரம் துரு, மூணாவது வருஷம் அடிப்பெட்டி ஓட்டை வழியா எண்ணெய் சொட்டி டேங்க் மேலயே விழுந்துச்சு. பார்ட்ஸ் தேடினா அந்த மாடலே ரெண்டு வருஷத்துல நிறுத்திட்டாங்க. உங்க பழைய அலுமினியப் பெட்டிக்கு சமமான புது கிரில் பெரும்பாலும் 500, 550 டாலர்ல இருந்துதான் ஆரம்பிக்குது, ஒப்பிடுறதா இருந்தா அதோட ஒப்பிடணும். அதோட எல்லாம் ஒரே வருஷத்துல போகாது, எனக்கு அதிகபட்சம் ஒரே வருஷத்துல ஆனது 120 டாலர், பர்னரும் தகடும்.

பிடியு (BTU) கணக்கைக் காட்டி கடைக்காரர் பேசுவார், இது 48,000, உங்க பழசு 36,000தான்னு. பிடியுங்கறது எவ்வளவு கேஸ் எரியுதுங்கற கணக்கு, தட்டு மேல எவ்வளவு சூடு நிக்குதுங்கறது இல்ல. மெல்லிசுத் தகடு, பின்பக்கம் பெரிய இடைவெளின்னா சூடு பூரா வெளிய போயிடும், டேங்க்தான் சீக்கிரம் காலியாகும்.

அப்ப 500க்கு மேல போட்டு வாங்குறது எப்ப சரி? பெட்டி ஓட்டையா இருந்தா, வால்வே திருப்ப முடியாம இறுகிப் போயிருந்தா, இல்ல கம்பெனியே இல்லாமப் போய் ஒரிஜினல் பர்னர் கிடைக்கலைன்னா தயங்காம வாங்குங்க. குடும்பம் பெருசாகி 3 பர்னர் பத்தலைன்னாலும் சரி. பர்னருக்கு 10 வருஷ வாரன்டி கொடுக்குற கம்பெனிங்க இருக்கு, அதைக் கேட்டு வாங்குங்க, பில்லை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, என் பழசோட பில் மை மங்கி வெள்ளைக் காகிதமா ஆயிடுச்சு. செப்டம்பர் லேபர் டே முடிஞ்ச அப்புறம் விலை இறங்கும், ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் போய் நிக்காதீங்க. கேஸையே விட்டுட்டு கரி, பெல்லட்னு (மரத்தூள் உருண்டை) போறது வேற ருசி, வேற பொறுமை, வேலை முடிஞ்சு வந்து 20 நிமிஷத்துல கோழி சுடணும்னா அது சரிவராது.

பார்ட்ஸ் வழியை எடுக்குறவங்க முதல்ல மாடல் நம்பரைத் தேடுங்க, கதவுக்கு உள்பக்கம், டேங்க் வைக்கிற இடத்துக்குப் பின்னாடி, இல்ல மூடிக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எண்ணெய் படிஞ்சு மறைஞ்சிருந்தா துடைச்சுட்டு போட்டோ எடுங்க. புரொப்பேனா வீட்டு லைன் கேஸான்னும் பாருங்க, ரெண்டுக்கும் பித்தளை மூக்கு ஓட்டை அளவு வேற. பழைய ஸ்க்ரூ துருவோட இறுகியிருந்தா முந்தின ராத்திரியே டபிள்யூடி 40 ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க, அவசரப்பட்டுத் திருகினா தலை உடையும், அப்புறம் டிரில் பண்ணணும். மாத்தறதுக்கு முன்னாடி உள்ள எது எங்க இருக்குன்னு நாலு பக்கமும் போட்டோ. டேங்கைக் கழட்டித் தள்ளி வச்ச அப்புறம்தான் கை வைக்கணும்.

மாத்தினதுக்கு அப்புறம் எண்ணெய்த் தட்டை ரெண்டு மூணு தடவை சமைச்சதும் காலி பண்ணுங்க, அடியில தேங்கின கொழுப்பு பத்திக்கிட்டா தண்ணி ஊத்தவே கூடாது, கிட்ட போக முடிஞ்சா குமிழையும் டேங்கையும் மூடி, மூடியைச் சாத்திட்டு தள்ளி நிக்கணும், அடங்கலைன்னா 911க்கு போன் பண்ணணும். எனக்கு இந்த வருஷம் ஹோஸ்தான் பாக்கி, டேங்க் பக்கம் வளையுற இடத்துல லேசா வெடிப்பு தெரியுது, ஒரிஜினல் ஆர்டர் போட்டாச்சு, வியாழக்கிழமை வருது. அது வர்ற வரைக்கும் டேங்கைக் கழட்டி கராஜுக்கு வெளிய நிழல்ல நிக்க வச்சிருக்கேன்.